குலைக்கு முகவரி உண்டு, வெட்டியவனுக்கு உண்டா?

தோட்டங்களில் இப்போது புதிய மந்திரம் ஒன்று ஓதப்படுகிறது. "டிஜிட்டல் ஒத்துழைப்பு" என்பது அதன் பெயர். கூட்டம் போட்டால் அதுதான் பேச்சு. சுற்றறிக்கை வந்தால் அதுதான் தலைப்பு. உணவுப் பொருள் விளையும் இடத்திலிருந்து உண்பவர் கைக்குப் போய்ச் சேரும் வரை, இடையில் உள்ள அத்தனை பேரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்களாம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பாராம். புத்தகம் காகிதத்தில் இராது, கணினியில் இருக்குமாம். தோட்டம், எண்ணெய் ஆலை, சுத்திகரிப்பு நிலையம், கப்பல் கம்பெனி, பிஸ்கோத்துத் தொழிற்சாலை, கடைக்காரர் எல்லாரும் கைகோத்துக்கொண்டு உலகத்துக்குச் சோறு போடுவார்களாம்.

நல்லது, வரவேற்போம். ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். 'தோட்டம்' என்று அதில் இருக்கிறது. தோட்டம் என்றால் யார்? ஆபீசில் இருக்கும் மானேஜரா? கோலாலம்பூரில் இருக்கும் தலைமை அலுவலகமா? நீண்ட கழியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தே கழுத்து நோகிறவன் அந்தப் பட்டியலில் எங்கே? முதுகு ஒடிய உதிரிப்பழம் பொறுக்குகிறவள் எங்கே? விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போகிற பால்மரத் தொழிலாளி எங்கே? அவர்களைத் தேடித் தேடிப் பார்த்தாலும் காணோம். கைகோக்கும் வரிசையில் முதல் கையே விட்டுப்போயிருக்கிறது!

இதைத்தான் இந்தக் கட்டுரையில் கேட்கப் போகிறேன். கணினி வேண்டுமா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை. கணக்கைப் படிக்கிற உரிமை யாருக்கு என்பதே கேள்வி.

நமக்கென்ன சம்பந்தம்?

"உணவு வியாபாரத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? ரப்பரை யார் தின்கிறார்கள்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நேற்று பால்மரம் நின்ற எத்தனையோ நிரைகளில் இன்று செம்பனை நிற்கிறது. நம்மில் எத்தனை பேர் உளிக்கத்தியை வைத்துவிட்டு அரிவாளைத் தூக்கியவர்கள்! செம்பனை எண்ணெய் உலகத்தின் அடுப்பில் காய்கிறது. ரொட்டியிலும் பிஸ்கோத்திலும் மிட்டாயிலும் கலக்கிறது. ஆகவே செம்பனைத் தொழிலாளி உணவுத் தொழிலாளி. அதில் ஐயமில்லை.

ரப்பர் தொழிலாளியும் தப்பிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காடழித்த நிலத்தில் விளைந்த சரக்கு ஐரோப்பியச் சந்தைக்குள் வரக்கூடாது என்பது அதன் சாரம். மாடு, கொக்கோ, காப்பி, செம்பனை, சோயா, மரம் ஆகியவற்றோடு ரப்பரையும் சேர்த்து ஏழு பொருள்களை அது பட்டியலிட்டது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக்கூடாது. சரக்கு விளைந்த நிலம் எது என்று பூமியின் மேல் புள்ளி வைத்துக் காட்டவேண்டும். 4 எக்டேருக்கு மேற்பட்ட நிலமானால் எல்லைக்கோடு முழுவதையும் வரைந்து கொடுக்கவேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் சட்டம் அமலாகும் நாள் இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் 2026 டிசம்பர் 30 என்று 2025 டிசம்பரில் முடிவாயிற்று.

அந்தப் புள்ளியை எவ்வளவு துல்லியமாகக் குறிக்கச் சொல்கிறார்கள் தெரியுமா? அட்சரேகை, தீர்க்கரேகைக்குத் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம்! கணக்குத் தெரிந்த கிராணிமார் போட்டுப் பாருங்கள். அது ஒரு சாணுக்கும் குறைந்த அளவு. மரம் நிற்கும் இடத்தைச் சாண் கணக்கில் சொல்லவேண்டும். அந்த மரத்தடியில் நிற்கிற மனிதனைப் பற்றி அந்தப் புள்ளி ஒரு வார்த்தை சொல்லாது. மரத்துக்கு முகவரி, குலைக்கு முகவரி, லாரிக்கு முகவரி. வெட்டியவனுக்கு மட்டும் முகவரி இல்லை. என்ன விந்தை!

இந்த அக்கறை எங்கிருந்து வந்தது?

பெரிய வியாபாரிகளுக்குக் 'கூட்டுறவு' என்ற சொல்லின்மேல் திடீரென்று காதல் பிறந்ததற்குக் காரணம் உண்டு. அதையும் நியாயமாகச் சொல்லிவிடுவோம்.

2018 நவம்பரில் அமெரிக்காவில் 'ரொமேய்ன்' என்னும் கீரை வகையில் நச்சுக் கிருமி கண்டது. எந்தத் தோட்டத்துக் கீரை என்று உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. அரசாங்கம் என்ன செய்தது? நாடு முழுவதும் அந்தக் கீரையையே தின்னாதீர்கள் என்று அறிவித்தது. குற்றமற்ற விவசாயியின் கீரையும் குப்பைக்குப் போயிற்று. கணக்கு இல்லாததால் வந்த கேடு அது.

அதற்கு முன்பே வால்மார்ட் என்ற பெரிய கடைக் கம்பெனி ஐ.பி.எம். கம்பெனியோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தது. கடையில் இருந்த நறுக்கிய மாம்பழப் பெட்டி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று காகிதங்களைப் புரட்டித் தேடியபோது 6 நாள், 18 மணி, 26 நிமிடம் பிடித்தது. எல்லாரும் ஒரே கணினிப் புத்தகத்தில் எழுதிய பிறகு அதே கேள்விக்கு விடை 2.2 விநாடியில் வந்தது. இதைக் குறை சொல்ல யாரால் முடியும்? நம் பிள்ளைகளும் கடைச் சாமான் தின்கிறவர்கள்தாம். கெட்ட சரக்கு இரண்டு விநாடியில் பிடிபடுமானால் நமக்கும் நன்மையே.

ஆகவே 'யந்திரத்தை உடை' என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. யந்திரத்தை உடைப்பது நம் வழி இல்லை. யந்திரத்தின் மேல் பங்கு கேட்பதே நம் வழி.

கீழே இருப்பவன் கையில் கருவி இருந்தால்

கேரளக் கடற்கரையைப் பாருங்கள். 1997-இலிருந்து 2001 வரையில் வட கேரளக் கரையோரம் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழும்பின. அதற்கு முன் மத்தி மீன் பிடித்து வரும் படகுக்காரன் எந்தக் கரையில் என்ன விலை என்று தெரியாமல் தன் ஊர்க் கரைக்கே வருவான். அங்கே வாங்க ஆள் இல்லையென்றால் மீனைக் கடலில் கொட்டுவான். அதே காலைப்பொழுதில் 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறும் கூடையோடு திரும்புவார்கள். கைத்தொலைபேசி வந்தது. கடலில் இருந்தபடியே விலை கேட்டான். விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினான். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து 2007-இல் எழுதினார். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் 8 விழுக்காடு கூடியது. வாங்கித் தின்பவருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. பிடித்தவனுக்கும் லாபம், தின்றவனுக்கும் லாபம்!

இன்னொன்று. மத்தியப் பிரதேசத்தில் சோயா விளைவிக்கும் விவசாயிகளுக்காக ஐ.டி.சி. கம்பெனி 2000-ஆம் ஆண்டில் 'இ-சௌபால்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. கிராமத்தில் ஒரு விவசாயியின் வீட்டிலேயே கணினி. மறுநாள் கம்பெனி என்ன விலை கொடுக்கும் என்பதை முதல் நாளே அங்கே பார்க்கலாம். பிடித்தால் கம்பெனிக்குப் போடலாம். பிடிக்காவிட்டால் பழைய சந்தைக்கே போகலாம். எடை மின்தராசில். கம்பெனி தன் லாபத்துக்குத்தான் செய்தது, தர்மத்துக்கு இல்லை. ஆயினும் விலையை முன்கூட்டியே தெரிந்துகொண்ட விவசாயியைச் சந்தைத் தரகன் பழையபடி ஏய்க்க முடியவில்லை.

இரண்டு கதையிலும் ஒரே நீதி. மீனவன் கையில் கருவி இருந்தது. விலை என்ற எண்ணை அவனே கேட்டறிந்தான். விவசாயி வீட்டில் கணினி இருந்தது. எண்ணை அவனே படித்தான். எண்ணைப் படித்தவனுக்கு நன்மை கிடைத்தது. அப்படியானால் நம் தோட்டத்தில் எண்ணைப் படிப்பவர் யார்?

மெட்ரோலாக்கின் பாடம்

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. பால் கொட்டகையில் வரிசையில் நின்ற ஒவ்வொருவனும் இதை அறிவான். பாலை நிறுத்தால் மட்டும் கூலி வராது. மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்தக் கோட்டைப் படிப்பவர் கிராணி. கோடு எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கத் தொழிலாளிக்கு எத்தனை தோட்டங்களில் இடம் இருந்தது? சொன்ன எண்ணே எண். எழுதிய எண்ணே கூலி. நேர்மையான கிராணிக்கும் பழி வந்தது. நேர்மையற்றவனுக்குப் பழி வந்தும் உறைக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எண்ணை ஒரு கண் மட்டும் பார்த்தது.

1950-களில் தோட்டக் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விலை ஏறினால் கூலி ஏறவேண்டும், இறங்கினால் இறங்கும். அந்தக் காலத்தில் ரப்பர் விலையைத் தெரிந்துகொள்வதே போராட்டமாக இருந்தது. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததன் பயன்களில் ஒன்று, முதலாளிமாரின் எண்ணை எதிரே உட்கார்ந்து சரிபார்க்க ஓர் ஆள் கிடைத்ததுதான். சங்கம் என்பது என்ன? தொழிலாளிக்குக் கிடைத்த இரண்டாவது கண்!

இன்று காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் குலைகளை அடுக்கிவைத்த இடத்துக்கு ஆள் வந்து, கைத்தொலைபேசியில் எண்ணிப் பதிவு செய்துகொண்டு போகிறார். பழுக்காத குலை இத்தனை, காம்பு நீளமாக விட்டது இத்தனை, பொறுக்காத உதிரிப்பழம் இவ்வளவு என்று அதிலேயே குறிக்கிறார். எண் ஆபீசுக்குப் பறக்கிறது, ஆலைக்குப் பறக்கிறது, கடல் கடந்தும் பறக்கிறது. எல்லா இடத்துக்கும் பறந்த எண், பத்தடி தூரத்தில் அரிவாளோடு நிற்கிறவன் காதுக்கு மட்டும் வருவதில்லை. மாதக் கடைசியில் கூலிச் சீட்டில் பிடித்தம் என்று வந்து நிற்கும்போதுதான் அவன் அதைச் சந்திக்கிறான். "ஏன் பிடித்தீர்கள்?" என்று கேட்டால், "கணினி சொல்கிறது" என்று பதில்!

நான் கிராணி வேலை பார்க்கிறவன். கணினி எதையும் தானாகச் சொல்லாது என்பது எனக்குத் தெரியும். மனிதன் உள்ளே போட்டதைத்தான் அது வெளியே துப்பும். முன்பு "கிராணி எழுதினார்" என்றால் கிராணியிடம் சண்டை போடலாம். இப்போது யாரிடம் சண்டை போடுவது? திரையிடமா?

"அழிக்க முடியாத புத்தகம்"

இங்கே ஒரு வித்தகர் எழுந்து, "தம்பி, உனக்குப் பிளாக்செயின் தெரியாது. அது அழிக்க முடியாத புத்தகம். ஒருமுறை எழுதினால் யாரும் திருத்த முடியாது. ஆகவே மோசடிக்கு இடமே இல்லை" என்பார்.

ஐயா, அழிக்க முடியாத புத்தகத்தில் பொய்யை எழுதினால் என்ன ஆகும்? பொய்யும் அழியாது!

2013 ஜனவரியில் அயர்லாந்தில் மாட்டிறைச்சி என்று விற்ற பண்டங்களைச் சோதித்தபோது அவற்றில் குதிரை இறைச்சி இருந்தது தெரிந்தது. அந்த இறைச்சி பல நாடுகளைக் கடந்து, பல கம்பெனிகளின் கை மாறி வந்தது. ஒவ்வொரு கையிலும் காகிதம் இருந்தது. காகிதம் மாடு என்றது. பொய்யைக் கண்டுபிடித்தது காகிதம் இல்லை, சோதனைச் சாலை. அந்தக் காகிதங்களையெல்லாம் கணினியில் ஏற்றியிருந்தால் குதிரை மாடாகிவிடுமா? சரக்கைத் தொட்ட கை எது, பார்த்த கண் எது என்பதே முக்கியம். செம்பனைக் குலையை முதலில் தொடுகிற கை நம்முடையது. அந்தக் கையைச் சாட்சியாகச் சேர்க்காத புத்தகம் பாதிப் புத்தகம்தான்.

பெரியவர்களே பெரியவர்களை நம்பவில்லை

ஒத்துழைப்பைப் பற்றி நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் தங்களுக்குள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் பாருங்கள். மெர்ஸ்க் என்ற மாபெரும் கப்பல் கம்பெனியும் ஐ.பி.எம். கம்பெனியும் சேர்ந்து 2018-இல் 'டிரேட்லென்ஸ்' என்ற பொதுக் கணக்குப் புத்தகத்தைத் தொடங்கின. கப்பலில் ஏறும் பெட்டிகளின் விவரங்களை உலகத்துக் கப்பல் கம்பெனிகள், துறைமுகங்கள், சுங்கச் சாவடிகள் எல்லாம் அதில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். பணத்துக்குக் குறைவில்லை, நிபுணர்களுக்கும் குறைவில்லை. ஆயினும் 2022 நவம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். உலகளாவிய முழு ஒத்துழைப்பு கிட்டவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

இதில் ஆச்சரியம் என்ன? தன் போட்டியாளன் நடத்துகிற புத்தகத்தில் தன் வியாபாரக் கணக்கை எழுத எந்த முதலாளி துணிவான்? "உன் புத்தகத்தை நான் எப்படி நம்புவது? நடத்துவதில் எனக்கு என்ன பங்கு?" என்று அவன் கேட்பான். கேட்டால் அதற்குப் பெயர் வியாபார புத்தி! அதே கேள்வியைத் தொழிலாளி கேட்டால் அதற்குப் பெயர் என்ன? முரட்டுத்தனமாம், முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டையாம். என்ன நியாயம் ஐயா இது? கோடிக்கணக்கில் முதல் போட்டவனுக்கே நம்பிக்கை பிறக்காத இடத்தில், அன்றாடக் கூலியை நம்பி அடுப்பு மூட்டுகிறவனுக்கு மட்டும் கண்மூடி நம்பிக்கை வரவேண்டுமா?

நம்மை மறந்ததால் யாருக்கு நஷ்டம்?

தொழிலாளியைப் பட்டியலில் சேர்க்காதது நமக்கு மட்டுமே நஷ்டம் என்று நிர்வாகத்தார் நினைக்கவேண்டாம்.

2020 செப்டம்பரில் எப்.ஜி.வி. கம்பெனியின் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்க இலாகா துறைமுகத்தில் தடுத்துவைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அன்றைய சைம் டார்பி பிளாண்டேஷன் எண்ணெய்க்கும் அதே கதி. எண்ணெய் கெட்டுப்போனதா? இல்லை. காடழித்ததா காரணம்? அதுவும் இல்லை. தோட்டத்தில் கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளன என்பதே குற்றச்சாட்டு. சைம் டார்பி மீதான தடை 2023 பிப்ரவரியில்தான் நீங்கியது. அதே 2020-இல் டாப் குளோவ் கம்பெனியின் ரப்பர் கையுறையும் இதே காரணத்தால் தடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டுதான் தடை நீங்கியது.

எண்ணெயில் அமிலம் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று அளந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, வெட்டியவனின் கூலி எத்தனை நாள் பாக்கி, அவன் பாஸ்போர்ட்டு யார் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. அந்தப் பார்வைக் குறைவுக்குத் துறைமுகத்தில் விலை கொடுக்கவேண்டி வந்தது. மேலே சொன்ன ஐரோப்பியச் சட்டமும், சரக்கு விளைந்த நாட்டுச் சட்டங்களுக்கு உட்பட்டு விளைந்திருக்கவேண்டும் என்கிறது. அவற்றில் தொழிலாளர் உரிமையும் ஒன்று. இந்த நாட்டில் எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. அதிலும் தொழிலாளர் நலம் ஒரு பகுதி. ஆகவே தொழிலாளியைப் புத்தகத்தில் சேர்ப்பது நமக்கு அவர்கள் போடுகிற பிச்சை இல்லை. அவர்கள் சரக்கு விற்கவேண்டுமானால் அவர்களுக்கே தேவை.

அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, கவனியுங்கள். நாலு பேர் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, "உனக்குக் குறை உண்டா?" என்று மானேஜர் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டு, "இல்லை" என்ற பதிலைக் கணினியில் ஏற்றிவிட்டால் தொழிலாளியின் குரல் சேர்ந்துவிட்டது என்பார்கள். அது குரல் இல்லை, ஒப்பனை. சங்கம் இல்லாத இடத்தில் தொழிலாளி சொல்லும் "இல்லை" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது ஊரறிந்த விஷயம்.

மூன்று சாக்குகள்

"தொழிலாளிக்கு இதெல்லாம் புரியாது" என்பது முதல் சாக்கு. பால்மரத்தின் பட்டையை உயிர்ப்படைக்கு ஒரு மில்லிமீட்டர் வரை நெருங்கி வெட்டி, மரத்துக்குக் காயம் படாமல் பால் எடுக்கிறவனுக்கா புரியாது? இருட்டில் கை நடுங்காமல் நூற்றுக்கணக்கான மரத்தில் அதைச் செய்கிறவனுக்கா ஒரு திரையில் இரண்டு எண்ணைப் பார்க்கத் தெரியாது? ஊரில் இருக்கும் பேரப் பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசுகிறவனுக்கு, வங்காள தேசத்தில் இருக்கும் மனைவிக்குத் தொலைபேசியிலேயே பணம் அனுப்புகிறவனுக்குக் கைத்தொலைபேசி புரியும். புரியாமல் இருப்பது, புரியாத மொழியில் அதைச் செய்திருப்பதால்தான். தமிழிலும் வங்காளத்திலும் நேபாளியிலும் இந்தோனேசியத்திலும் போடுங்கள். புரிகிறதா இல்லையா பார்ப்போம்.

"வியாபார ரகசியம்" என்பது இரண்டாவது சாக்கு. நான் வெட்டிய குலை எத்தனை என்பது எனக்கே ரகசியமா? ஐரோப்பாவில் சோப்புக் கம்பெனிக்காரன் பார்க்கலாம், வெட்டியவன் பார்க்கக்கூடாது என்றால் அது ரகசியம் இல்லை, அநியாயம்.

"செலவு" என்பது மூன்றாவது. தோட்டத்தின் எல்லைக்கோட்டைப் பூமிப் படத்தில் வரையச் செலவு செய்தார்கள். வாங்குகிறவன் கேட்ட சான்றுகளுக்கெல்லாம் பணம் கட்டினார்கள். ஒரு துண்டுச் சீட்டுக்கு மட்டும் கஜானா வற்றிவிட்டதா?

நாம் கேட்பவை

கூச்சல் போட்டுவிட்டுப் போவது சங்கத்தின் வழக்கம் இல்லை. கேட்பதை இலக்கம் போட்டுக் கேட்போம்.

1. அன்றன்று எண்ணிய குலை, நிறுத்த பால், செய்த பிடித்தம் எல்லாம் அன்று மாலைக்குள் தொழிலாளியின் கைக்கு வரவேண்டும். கைத்தொலைபேசி உள்ளவனுக்கு அதில். இல்லாதவனுக்குத் துண்டுச் சீட்டில். அவனவன் படிக்கும் மொழியில். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி கூலி விவரப் பதிவேட்டை முதலாளி 6 ஆண்டு காத்துவைக்கவேண்டும். காத்துவைக்கிற பதிவைக் காட்டுவதில் என்ன கஷ்டம்?

2. பழுக்காத குலை என்று பிடித்தம் செய்தால் குலையைக் காட்டிப் பிடிக்கவேண்டும்; குறைந்தபட்சம் படமெடுத்துக் காட்டவேண்டும். தொழிலாளிக்கு மறுப்பு இருந்தால் அந்த மறுப்பும் அதே புத்தகத்தில், அழிக்க முடியாதபடியே, ஏறவேண்டும். அழியாத புத்தகம் ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமா?

3. நிலம் எங்கே இருக்கிறது என்று குறிக்கட்டும். மனிதன் எங்கே நின்றான், எத்தனை நிமிடம் உட்கார்ந்தான், மரத்தடியில் எப்போது தண்ணீர் குடித்தான் என்று பின்தொடர்வதற்கு அந்தக் கருவியைப் பயன்படுத்தக்கூடாது. பழைய கங்காணியை ஒழித்தோம். சட்டைப் பையில் புதிய கங்காணியைச் சுமக்கமாட்டோம்.

4. கருவியும், அதற்கு வேண்டிய டேட்டா செலவும் நிர்வாகத்தைச் சேர்ந்தவை. தொழிலாளியின் கைத்தொலைபேசியை இலவசத் தளவாடமாக்கக்கூடாது.

5. இந்த ஏற்பாடுகளைக் கொண்டுவரும் முன் சங்கத்தோடு பேசிக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். சங்கப் பிரதிநிதி அந்தப் பதிவுகளைச் சரிபார்க்க உரிமை வேண்டும்.

6. தடம் தெரிந்த எண்ணெய், சான்று பெற்ற எண்ணெய் என்று கூடுதல் விலை கிடைக்கும்போது அதில் ஒரு பங்கு அந்தத் தடத்தின் முதல் அடியை வைத்தவனுக்கு வரவேண்டும்.

இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாயிற்று. ஆனால் துண்டு வேலைக் கணக்கில் உழைக்கிற நமக்கு ஒவ்வொரு குலையும் எண்ணிக்கையில் வந்தால்தான் அதற்கு மேல் ஒரு வெள்ளி பார்க்கமுடியும். ஆகவே எண்ணும் கருவியைப் பற்றிய இந்தச் சண்டை தொழில்நுட்பச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். இது கூலிச் சண்டை.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

"கணினி வந்தால் நம் பென்சில் போய்விடும், அதைப் பற்றி எழுதாமல் தொழிலாளியின் சீட்டைப் பற்றி எழுதுகிறானே" என்று என் சகோதரக் கிராணிகள் நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். எண்ணைத் தொழிலாளி பார்க்கும் இடத்தில்தான் அதை விளக்கிச் சொல்லவும், மறுப்பை விசாரிக்கவும், தவறைத் திருத்தவும் ஒரு மனிதன் தேவைப்படுவான். தொழிலாளி வாய் மூடிக் கிடக்கும் இடத்தில் கிராணியும் தேவையில்லை. லாரி எடைப்பாலத்திலிருந்து எண் நேரே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். தொழிலாளியின் கண்ணைத் திறந்துவைப்பதே நம் மேசையைக் காப்பாற்றும் வழி. நமக்கும் அவர்களுக்கும் நடுவே பால் கொட்டகைக் கவுண்டர் ஒன்றுதான் இருந்தது. அதையும் இனி நிறுத்திவைக்கவேண்டாம்.

சிறு தோட்டக்காரர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். நாலைந்து ஏக்கரில் செம்பனை வைத்திருப்பவர் ஆலைக்குக் குலையைக் கொண்டுபோனால், தரம் இவ்வளவு, எண்ணெய் விழுக்காடு இவ்வளவு என்று எதிர்த்தரப்பு சொல்வதை அப்படியே வாங்கிக்கொண்டு வருகிறார். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கவேண்டும். தாமதித்தால் எண்ணெய் கெடும். ஆகவே பேரம் பேசிக்கொண்டு இன்னொரு ஆலைக்கு அலைய அவருக்கு நேரம் இல்லை. விலையும் தரமும் முன்கூட்டியே அவர் கையில் உள்ள திரையில் தெரியட்டும். கேரளத்து மீனவனுக்குக் கிடைத்தது அவருக்கும் கிடைக்கும்.

தோழர்களே! அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் இந்த ஆறு கோரிக்கைகளையும் தீர்மானமாக்குங்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிராதீர்கள். இரண்டு வெள்ளிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எத்தனை குலை, எத்தனை கிலோ பால், எந்த நிரை, எந்தத் தேதி என்று ஒவ்வொரு நாளும் நீங்களே எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதட்டும். மாதக் கடைசியில் கணினி ஒன்றும் நோட்டு ஒன்றும் சொன்னால், இரண்டையும் தூக்கிக்கொண்டு சங்கச் செயலாளரிடம் வாருங்கள். ஒருவர் நோட்டு ஒரு முறையீடு. ஒரு பிரிவுத் தொழிலாளர் அத்தனை பேரின் நோட்டும் மறுக்க முடியாத சாட்சியம்.

உலகத்துக்கெல்லாம் ஒரே புத்தகம் எழுதப் போகிறார்களாம். எழுதட்டும். முதல் பக்கத்தின் முதல் வரி நம்முடையது. அதை நம் கண்ணெதிரே எழுதவேண்டும். நமக்குப் படித்துக் காட்டவேண்டும். தவறென்றால் நம் கையாலேயே மறுப்பு எழுத இடம் விடவேண்டும். அதற்குப் பிறகு ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுவோம்!